எட்டு வீட்டுப் போல்ட்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது. நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகள் அன்றைக்குப் போட வேண்டிய சட்டையை அயன் பண்ணிக்கொண்டே நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் வேலையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வரும் பரிசோதகர் இப்போது எந்த இடத்தைத் தாண்டியிருப்பார் என்று மனதுக்குள் அவருடைய வாகனத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். சிலாபம் வரைக்கும் அவரைக் கொண்டுவந்துவிட்டேன். அப்போது பள்ளிவாசல் பக்கமிருந்து ஒரு சீறல் கேட்டது. பெரிய பிரஷர் குக்கர் ஒன்றுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

நான் அயனை நிறுத்தினேன், பையை எடுத்தேன், ஓடினேன்.

பை என்றால், காணி உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், மகளின் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் உள்ள பை. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் எங்கள் ஆட்களை மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது என்னுடைய பரீட்சைச் சான்றிதழ்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டன. அவற்றைத் திரும்ப எடுக்க நான் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து பெரிய சத்தம் ஏதாவது கேட்டால் என் கால் வாசலுக்கும் கை அந்தப் பைக்கும் தானாகப் போகும். யுத்தம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. கைக்கு மட்டும் அதை யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பில்டர் கொட்டிலுக்குள் என் நானா, கூடப் பிறந்த அண்ணன், நின்றுகொண்டிருந்தார். தொப்பி இல்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். இரண்டு குழாய் சேரும் இடத்திலிருந்து தண்ணீர் மயில் தோகை விரித்த மாதிரி விசிறிக்கொண்டிருந்தது. அதைத் தன் உள்ளங்கையால் பொத்தப் பார்த்ததில் தோகை இன்னும் அகலமாகிவிட்டது.

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல," என்றார் என்னைக் கண்டதும். "உள்ளுக்க இருந்த காத்து வெளிய போகுது."

"காத்தெண்டா நீங்க ஏன் நானா நனைஞ்சிருக்கீங்க?"

அவர் மற்றக் கையையும் வைத்துப் பொத்தினார். தோகையின் ஒரு பக்கம் என் பையில் விழுந்தது. மகள் படித்து வாங்கிய சான்றிதழின் மூலையில், மகள் கொண்டுவந்து வைத்த குழாயின் தண்ணீரே பட்டது. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தபடியால் தப்பியது.

இந்த இடத்தில் அந்தக் குழாய் எங்களுக்கு என்ன முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். புத்தளம் கடற்கரையில், ஆலங்குடாவுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். கிணற்றுத் தண்ணீர் உவர். தேநீருக்கு எவ்வளவு சீனி போட்டாலும் கடைசி மிடறில் கடல் வந்து நிற்கும். என் மகள் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்கள் கட்டிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் கையில் தனியாக ஒப்படைக்கப்பட்ட முதல் நிலையம் எங்கள் ஊருடையதுதான். பரிசோதகர் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். ஒழுகினால், அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்பதை மேலதிகாரி மிகவும் மரியாதையான சொற்களில் சொல்லியிருந்தார். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்குத் தலைக்கவசமும் ஸ்பேனரும் என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆளுக்கொரு மாப்பிள்ளையையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மகள் தலைமுடியைக் கட்டியபடியே ஓடிவந்தாள். முந்தின நாள் இரவுதான் கொழும்பில் பயிற்சி முடிந்து வந்து படுத்திருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் மோட்டரை நிறுத்தினாள். தோகை மடங்கி விழுந்தது. டோர்ச் அடித்துக் குழாய் சேரும் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"உம்மா, இந்த போல்டுகள ஆர் போட்ட?"

"ஊர்," என்றேன்.

உண்மையில் ஊர்தான் போட்டது.

நடந்தது இதுதான். மோட்டரிலிருந்து வரும் குழாய், நடுவில் உள்ள வால்வு, அதற்கு அப்பால் போகும் குழாய் எல்லாமே துருப்பிடிக்காத ஸ்டெயின்லஸ் உருக்கு. நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிட உயர்ந்த சாதி. வால்வு ஒரு பக்கம் குழாயோடு ஒட்டியே வந்திருந்தது. மறுபக்கத்தில் வால்வின் வாயிலும் குழாயின் வாயிலும் தடித்த வட்டத் தட்டு இருக்கும். அந்தத் தட்டில் எட்டு ஓட்டை. இரண்டு தட்டையும் ஒன்றோடொன்று வைத்து, நடுவில் ஒரு ரப்பர் வளையம் கொடுத்து, எட்டுப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். குழாய் வந்துவிட்டது, போல்ட் வரத் தாமதம். பயிற்சிக்குப் போகுமுன் மகள் தன் மாமாவிடம், போல்ட் பின்னால் வரும், நான் வந்து போடுவேன், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

என் நானா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். அவருக்குத் தொட வேண்டாம் என்பது கேட்கவில்லை. போல்ட் இல்லை என்பது மட்டும்தான் கேட்டது. தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய தர்மம் இல்லை. இந்த நிலையத்தில் குழாய் வெளிநாட்டுக் காசு, மோட்டர் வெளிநாட்டுக் காசு. ஊரார் கையால் ஒன்றுமே இல்லையே என்று அவருக்கு ஒரு மனக்குறை ஏற்கெனவே இருந்தது. மகள் போன முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் எழும்பி அறிவித்தார். வீட்டுக்கு ஒரு போல்ட். அந்தக் குழாயில் எவ்வளவு காலம் தண்ணீர் ஓடுகிறதோ அவ்வளவு காலமும் போல்ட் கொடுத்த வீட்டுக்கு நன்மை ஓடும். இறந்து மௌத்தானவர்களின் பேரிலும் கொடுக்கலாம்.

மாலை அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசல் விறாந்தையில் ஒரு வாளி நிறையப் போல்ட் சேர்ந்துவிட்டது. ஓட்டையோ எட்டு. குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் விழாத வீட்டுக்காரர்கள் தங்கள் போல்டை வாளியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து தண்ணீர் திறக்கும் பைப்புத் தலை போடும்போது தங்களைக் கேட்காமல் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

விழுந்த எட்டு வீட்டில் எங்களுடையதும் ஒன்று. என் கணவர் பாலாவிக்கு உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். லொறியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு பழைய போல்டைக் கொடுத்திருந்தார். நானா கொடுத்தது கூரைத் தகடு அடிக்கும் துத்தநாகம் பூசிய போல்ட். ஒரு வீட்டார் சைக்கிள் அச்சு. இன்னொரு வீட்டார் உழவு மெசினின் இரும்புப் போல்டுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, பெருநாளுக்கு வந்த பிள்ளை மாதிரிக் கொண்டுவந்திருந்தார்கள். புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடி கட்டில் போல்ட் கொடுத்தது. அதற்குப் பிறகு அவர்கள் பாயைத் தரையில் விரித்துத்தான் படுக்கிறார்கள் என்று கேள்வி. மௌலவி அனுப்பிய போல்ட் தேவைக்கு இரண்டு மடங்கு நீளம். மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஆனால் மௌலவியுடையது என்பதால் யாரும் வெட்டவில்லை. என் கணவரின் சாச்சா மகன், குவைத்தில் எண்ணெய்க் கம்பனியில் குழாய் வேலை செய்துவிட்டு வந்தவர், ஒரு சுத்தமான ஸ்டெயின்லஸ் போல்டும் அதற்கேற்ற நட்டும் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டு மாமி, மௌத்தான தன் கணவரின் படகிலிருந்து ஒரு பித்தளைப் போல்ட் கொடுத்திருந்தார்.

இவ்வளவையும் எட்டு ஓட்டையில் போட்டு, அந்தக் குவைத் தம்பி தன்னுடைய மின்சார ஸ்பேனரால் கிர்ர் என்று இறுக்கியிருந்தார். அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், நானா காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரை மெதுவாக விட்டுப் பார்த்து ரசித்திருக்கிறார். மகளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அன்று காலைதான் மோட்டரை முழு வேகத்தில் போட்டார். ஆச்சரியப்படுத்தியும்விட்டார்.

பளபளப்பான வால்வின் வாயிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது, வெற்றிலை போட்டவர் வாய் துடைக்காமல் விட்டதுபோல. ஸ்டெயின்லஸ் துருப்பிடிக்காது என்றார்களே என்று நான் பதறினேன். துரு குழாயுடையதல்ல, போல்டுகளுடையது என்றாள் மகள்.

பிறகு அவள் விளக்கியதை நான் என் பாஷையில் சொல்கிறேன். இரண்டு வேறு சாதி உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, மேலே உப்புத் தண்ணீரும் பட்டால், இளகிய சாதி உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். இங்கே குழாயும் வால்வும் பெரிது, எல்லாம் ஸ்டெயின்லஸ். போல்டோ சின்னது. அவ்வளவு பெரிய உடம்பின் தேவையையும் இந்தச் சின்ன உடம்பு தாங்க வேண்டும். பெரிய கூட்டுக் குடும்பத்துக்குள் ஒற்றை மருமகளாகப் போனவளின் நிலைமைதான். என் விளக்கம் மகளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே நின்ற பெண்கள் எல்லோருக்கும் விஷயம் உடனே விளங்கிவிட்டது.

"அப்ப சரியான போல்ட் எது?" என்று கேட்டேன்.

குழாயும் வால்வும் என்ன சாதியோ அதே சாதி, இந்தக் கடற்காற்றுக்கு அதிலும் உயர்ந்த வகை என்றாள். அவள் புறப்படும் வரைக்கும் கொழும்புக் கடைக்கு வந்து சேராததால், கடைக்காரரை இரவு பஸ்ஸில் போடச் சொல்லியிருந்தாள். பாலாவிச் சந்தித் தேநீர்க் கடையில் இறக்கி வைத்திருப்பார்கள், வாப்பா உப்பு இறக்கிவிட்டு எடுத்துக்கொண்டு வருவார். அதற்குள் இந்த எட்டையும் கழற்ற வேண்டும்.

எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பதற்றம் வந்தால் நான் சும்மா நிற்கக் கூடாது, நின்றால் அழுதுவிடுவேன். ஸ்டெயின்லஸில் காந்தம் ஒட்டாது என்று எங்கேயோ வாசித்திருந்தேன். வீட்டுக்கு ஓடிப்போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த அன்னாசிப்பழக் காந்தத்தை எடுத்துவந்து ஒவ்வொரு போல்டிலும் வைத்தேன். மாமியின் பித்தளைப் போல்டில் அது ஒட்டவில்லை. மாமியுடையது ஸ்டெயின்லஸ், அதை விடலாம் என்று அறிவித்தேன். மாமி பெருமையோடு சுற்றிப் பார்த்தார். மகள் அன்னாசிப்பழத்தை என் கையிலிருந்து வாங்கித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டாள்.

போல்ட் கழற்றப்போகிறார்கள் என்ற செய்தி அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. எட்டு வீட்டுக்காரரும் கொட்டில் வாசலில் நின்றார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் கஷ்டம். எல்லோரும் மற்ற ஏழையும் கழற்றச் சம்மதித்தார்கள். உழவு மெசின்காரர் தன்னுடையதற்கு இன்னொரு பூச்சுப் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னார். கட்டில் போல்ட் கொடுத்த மாப்பிள்ளை, அதைக் கழற்றினால் தனக்கே திருப்பித் தர முடியுமா என்று நானாவின் காதுக்குள் கேட்டார்.

நானா மௌலவிக்குப் போன் எடுத்தார். கொடுத்த தர்மத்தைக் கழற்றினால் நன்மை நிற்குமா என்பது கேள்வி. நல்ல நிய்யத்தோடு, தூய எண்ணத்தோடு, கொடுத்தது கொடுத்ததுதான், நன்மை போல்டில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை என்று மௌலவி பதில் சொன்னார். எல்லோரும் கொஞ்சம் இளகினார்கள். உடனே போனில் மௌலவியே, அவருடைய போல்டையும் கழற்றுகிறார்களா என்று கேட்டார். ஓம் என்றதும் தொண்டையைச் செருமினார். பிறகு, மற்றவர்களுடையதை முதலில் கழற்றுங்கள் என்றார்.

மாமி மட்டும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்திவிட்டார். அவருடைய கணவர் கடலுக்குப் போய், கரைக்கு வந்து, கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தானவர். படகு விற்றாயிற்று. விற்குமுன் கழற்றி வைத்துக்கொண்டது அந்த ஒரு போல்ட்தான்.

"மகள்," என்றார் என் மகளிடம். "மௌலவி ஆயிரம் சொல்லட்டும். தண்ணி அந்தப் போல்டத் தொட்டுக்கொண்டு போறத நான் பாக்கோணும். அவருக்கு ஏதாவது போய்ச் சேருதெண்டு எனக்கு வேற எப்படித் தெரியும்?"

மகள் நேரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கணக்கில் பரிசோதகர் முந்தலைத் தாண்டிவிட்டார். இவள் இப்போது ஏதாவது விஞ்ஞானம் சொல்லி மாமியை அழவைக்கப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் மாமிக்கு முன்னால் ஈர நிலத்தில் குந்தினாள்.

"மாமி, இது இந்தக் கூட்டத்துக்குள்ள இருந்தா கரைஞ்சு போகும். கொஞ்சம் கொஞ்சமா. ஒரு நாள் வந்து பாத்தா மாமாட போல்ட் இரிக்காது. கழட்டினாத்தான் மிஞ்சும்."

மாமி போல்டைப் பார்த்தார். அதன் தலையில் ஏற்கெனவே பச்சை நிறத்தில் பொடிபோல ஒன்று பூத்திருந்தது. சுண்டுவிரலால் அதைத் துடைத்துப் பார்த்தார்.

"கழட்டி எங்க போடுற? அலுமாரிக்குள்ளயா? அங்க தான் முந்தியும் இருந்திச்சி."

மகள் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். மாமியே கொட்டிலுக்கு வெளியே கையைக் காட்டினார். தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று, நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு எடுத்துக் கொடுத்த பழைய வாங்கு, அதாவது மரப் பெஞ்சு, அங்கே கிடந்தது. கால் வேறு, பலகை வேறாகக் கழன்று, சாகக் கிடந்த மாடு போலக் கிடந்தது. பூட்டுவதற்கு ஆணி தேடவில்லை யாரும்.

"அதில போடு. தண்ணிக்கு வாறவ குந்துவாளுகள்தானே. வயித்துப்பிள்ளக்காரியும் வருவாளுகள். குந்தினாலும் நன்மதான்."

மகள் எழும்பிப் போய் வாங்கைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு காலுக்கு இரண்டாக எட்டு ஓட்டை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தபின் முதல்முறையாகச் சிரித்தாள். மரத்துக்குள் தனித்தனியாக நின்றால் எந்தச் சாதிக்கும் எந்தச் சாதியோடும் சண்டை இல்லை, பித்தளையும் இருக்கலாம் தகரமும் இருக்கலாம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். மௌலவியின் போல்ட் நீளமாக இருப்பது வாங்குக்குத்தான் சரி என்றும் சொன்னாள். நானா அதை உடனே போனில் அறிவித்தார்.

அதன்பிறகு கழற்றுவது ஒரு கொண்டாட்டம்போல நடந்தது. லொறிப் போல்ட் வந்தது. சைக்கிள் அச்சு வந்தது. கட்டில் போல்ட் கையாலேயே வந்தது. அது இறுக்கமாக இருந்ததே இல்லை; காலையில் தோகை விரிந்ததும் அதன் வழியாகத்தான். ஏழும் வந்தன. குவைத் தம்பியின் ஸ்டெயின்லஸ் போல்ட் மட்டும் வரவில்லை.

ஸ்பேனர் போட்டார்கள். ஸ்பேனரில் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கினார்கள். நட் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. குவைத் தம்பியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பாத்தீங்களா? நல்ல சாமான் எண்டா இதான். ஒராளும் அசைக்கேலாது."

"சாச்சா," என்றாள் மகள், "கழட்ட ஏலாத போல்ட் நல்ல போல்ட் இல்ல. ஸ்டெயின்லஸும் ஸ்டெயின்லஸும் உரசிப் பிடிச்சிட்டுது. களிம்பு பூசாம வேகமா இறுக்கினா இப்பிடித்தான். இனி வெட்டத்தான் வேணும்."

வெட்டுவது என்ற சொல்லுக்கு அவர் தயாராக இருக்கவில்லை. கிறைண்டரை அவரே பிடித்தார், வேறொருவர் கை அதில் படக் கூடாது என்று. நெருப்புப் பொறி பறந்தது. நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மதிலுக்குப் பின்னால் நின்றேன். போல்ட் இரண்டு துண்டாக விழுந்தது. எட்டிலும் சரியான சாதி அது ஒன்றுதான், அதுதான் வெட்டுப்பட்டது. அவர் அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

என் கணவர் வந்து சேர்ந்தார். பார்சலில் மீனும் பன்னும் கலந்த வாசம் வந்தது. தேநீர்க் கடைக்காரர் கண்ணாடி அலுமாரிக்குள் மீன் பணிஸுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தாராம். பிரித்தோம். எட்டுப் போல்ட், எட்டு நட், வோஷர், புது ரப்பர் வளையம். நான் மகளின் பொக்கற்றிலிருந்து அன்னாசிப்பழத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மெல்ல இழுத்தது. என் உயிர் போனது.

"உம்மா, அச்சில அடிக்கக்குள்ள கொஞ்சம் இழுக்கிற குணம் வரும். தலையப் பாருங்க. ஏ-நாலு எண்டு அடிச்சிருக்கு. அதுதான் அடையாளம்."

ஏ-நாலு என்றால் இத்தனை வருடமும் பரீட்சைத் தாள் அடிக்கிற கடதாசி என்றுதான் எனக்குத் தெரியும்.

மகள் பார்சலை இன்னொரு முறை கிளறினாள். பிறகு தாளைப் பிரித்து உதறினாள். பூசுகிற களிம்பு வரவில்லை. அது இல்லாமல் இறுக்கினால் எட்டும் குவைத் தம்பியின் போல்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும், வளையம் மாற்ற வேண்டி வந்தால் எட்டையும் வெட்ட வேண்டும். பரிசோதகர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

நான் தேங்காயெண்ணெய் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேணாம் என்றாள். நெய்? வேணாம். சளிக்குப் பூசுகிற தைலம்? "உம்மா, நீங்க கொஞ்சம் வீட்ட போய் இருங்களேன்," என்றாள். நான் போகவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

குவைத் தம்பி மெதுவாக, அந்தக் களிம்பு வெள்ளி நிறமா, மூடி சிவப்பா என்று கேட்டார். மகள் நிமிர்ந்தாள். அவர் வீட்டுக்குப் போய், கண்ணாடி அலுமாரியில் வாசனைப் போத்தல்களுக்கும் திறக்காத சொக்கலேட் டப்பாவுக்கும் நடுவில் வைத்திருந்த ஒரு டியூபைக் கொண்டுவந்தார். குவைத்திலிருந்து கொண்டுவந்த நாள் தொட்டு மூடி திறக்கவில்லை. போல்ட் போட்ட அன்றைக்கும் அது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. வெளிநாட்டுச் சாமானை இதற்கெல்லாமா திறப்பது என்று விட்டுவிட்டார்.

"திறக்கவா?" என்று மகள் கேட்டாள்.

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவருடைய மனைவி பின்னாலிருந்து, இனி அந்தச் சொக்கலேட்டையும் திறக்கலாமா என்று கேட்டாள்.

மகள் ஒவ்வொரு போல்டின் புரியிலும் களிம்பு பூசி, கையால் மாட்டி, ஒன்றுக்கு நேரெதிரே மற்றொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். மின்சார ஸ்பேனரை யாரும் எடுத்து வரத் துணியவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொன்னேன். அந்த வேலையை மட்டும் அவள் எனக்குத் தந்தாள். வால்விலிருந்த துருக் கோடுகளையும் தேய்த்துக் கழுவினாள், அதை விட்டால் நல்ல உருக்கிலும் குழி விழுமாம். வெளியே நானாவும் மற்றவர்களும் வாங்கைப் பூட்டினார்கள். ஏழு போல்ட். எட்டாவது ஓட்டை சும்மா இருந்தது. குவைத் தம்பி அதை ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மோட்டர் போட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சீறல் வரவில்லை. மோட்டரின் முணுமுணுப்பு மட்டும். கண்ணைத் திறந்தால் மகள் குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் மோசம். என் கணக்கில் பரிசோதகர் ஏற்கெனவே வந்து, பார்த்து, மகளை வேலையிலிருந்து நீக்கிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். உண்மையில் அவர் புத்தளத்தில் வழி பிழைத்து நின்றிருக்கிறார். இதை எழுதும் இன்றைக்கும் குக்கர் விசில் அடிக்குமுன் சீறினால் என் கை பைக்குப் போகிறது. அன்றைக்கு அந்தப் பை ஒருதடவைகூட என் தோளிலிருந்து இறங்கவில்லை.

நண்பகல் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொல்லி முடியும்போது பரிசோதகருடைய ஜீப் வந்தது. கொஞ்சம் வயதான சிங்கள மனிதர். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. தமிழ் நன்றாக விளங்கும், கொஞ்சம் கதைக்கவும் தெரியும். யாரோடும் சிரிக்கவில்லை. மகளிடம் சில கேள்விகள் சிங்களத்தில் கேட்டார். மகள் டியூபைக் காட்டினாள். குனிந்து போல்டுகளின் தலையை ஒவ்வொன்றாக வாசித்தார். மோட்டரை முழு வேகத்தில் போடச் சொன்னார். பொக்கற்றிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துத் தட்டைச் சுற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. எழுதுவதற்காக வெளியே வந்து வாங்கில் குந்தினார்.

வாங்கு ஆடியது.

எழும்பினார். குனிந்து அடியில் பார்த்தார். பித்தளை, வெள்ளிப் பெயின்ட், சைக்கிள் அச்சு, பலகைக்குக் கீழே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் மௌலவியின் போல்ட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் நானாவைப் பார்த்தேன். மாமிதான் எழும்பி, தன் கணவர் கரைக்கு வந்து மௌத்தானதில் தொடங்கி, குலுக்கல், கட்டில், கிறைண்டர் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னார். எங்களுக்கு எது ஒளிக்க வேண்டும் என்று தோன்றியதோ அதையெல்லாம் நின்று விளக்கமாகச் சொன்னார். நானா இரண்டு முறை இருமினார். பயனில்லை.

பரிசோதகர் முழுவதையும் கேட்டார். நேரே ஜீப்புக்குப் போனார். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். சாமான் பெட்டியை அவர் கிண்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய போல்டும் நட்டும் இருந்தன. அதை மகளின் கையில் வைத்தார்.

"குழாய் சரி, மிஸ். நான் கையெழுத்து வைக்கிறது. வாங்கு மட்டும் ஆடுறது," என்றார். பிறகு மாமியைப் பார்த்தார். "இது சும்மா இரும்பு. வாங்குக்கு ஓகேதானே? என்ட அம்மா பேர்ல போடுங்க."